உச்சியிலிருந்து விட்ட எலுமிச்சம்பழம்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் இந்த வருஷ ஜாத்திரைக்கு வந்த ராட்டினம் மாடி வீடுகளைவிட உயரம். ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்துகிறான், அது சுற்றுகிறது. பக்கத்தில் போனால் டீசல் வாடை. பழைய மரராட்டினத்தின் வாடை வேறு. ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். கிறீச்சிடாமல் இருக்க அச்சில் ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அந்த வாடைக்கே எனக்குத் தலை சுற்றும். இருந்தும் ஒரு முறை ஏறியிருக்கிறேன். வேடிக்கைக்காக இல்லை. ஒரு இங்கிலீஷ் கணக்குக்காக.

சிரிக்காதீர்கள். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். மற்றபடி இந்தத் தெருவில் யாரும் என்னை ஏமாற்றியது கிடையாது.

அந்தக் காலத்தில் பவர்லூம் சத்தத்தையும் மீறி எங்கள் தெருவில் ஒரு பேச்சு கேட்கும். கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா. அதைக் கேட்டுத்தான் என் மகள் சுகுணாவை இன்ஜினியரிங் பரீட்சைக்குத் தயார் செய்யத் திருப்பதியில் ஒரு ஆஸ்டலில் விட்டோம். மலையடிவாரத்தில், அலிபிரிப் பக்கம். பருப்புப்பொடி கொடுக்கப் போவேன். மலையிலிருந்து மொட்டைத் தலைகள் சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். ஆஸ்டல் பிள்ளைகள் தலை நிறைய முடியோடு, எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். வாரா வாரம் பரீட்சை. மார்க் குறைந்தால் பின் செக்‌ஷனில் தள்ளிவிடுவார்கள்.

சுகுணாவைத் தள்ளிவிட்டார்கள். ஜாத்திரைக்கு ஊருக்கு வந்தவளிடம் அவள் நைனா, அதான் என் வீட்டுக்காரர், ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

“படிச்சது போதும். ஜாத்திரை முடிஞ்சதும் உன் தம்பிக்கே குடுத்துடலாம்.”

தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். தம்பி பக்கத்து வீட்டில்தான் இருந்தான். குடி கிடையாது, சொந்தத் தறி. எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சுகுணா மட்டும் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“மாமா நல்லவருதாம்மா. ஆனா நான் படிக்கணும்.”

“தள்ளி உட்டுட்டாங்களேடி.”

“ஒரே ஒரு லெக்கம்மா. அதுலதான் போச்சு.”

லெக்க என்றால் கணக்கு. பள்ளிக்கூடச் சமாச்சாரமெல்லாம் எங்களுக்குத் தெலுங்கில்தான் வாயில் வரும். அந்தக் கணக்கை இங்கிலீஷில் சொன்னாள், தெலுங்கில் சொன்னாள், கடைசியில் நம் பேச்சில் சொன்னாள். ராட்டினம் சுற்றுகிறது. உச்சியில் இருப்பவள் கையிலிருக்கும் கல்லை விட்டுவிடுகிறாள். கல் எங்கே விழும்?

“நேரா கீழ உழும். இதுக்கா அங்க குந்திக்கினு இருக்கீங்க?”

“இல்லம்மா. கல்லும் கூடவே சுத்திக்கினு வருது இல்ல? கைய உட்டாலும் அந்த வேகம் போவாது. தள்ளிப்போய்த்தான் உழும்.”

“நாமதான் சுத்தறோம். கல்லுக்கு இன்னாடி தெரியும்?”

நகர்த்திய தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “அப்போ நீயே ஏறி உட்டுப் பாரேன்” என்றாள். பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

கல் வேண்டாம், யார் மண்டையாவது உடையும் என்று அவள்தான் சொன்னாள். அம்மன் சன்னதியில் கொடுத்த எலுமிச்சம்பழம் என் கையில் இருந்தது. அம்மன் பழம் தரையில் படக்கூடாது. அதனால் உச்சிக்கு நேர் கீழே, ராட்டினத்தை ஒட்டி, தம்பியை இரண்டு கையையும் ஏந்தச் சொல்லி நிறுத்தினேன். சுகுணா கொஞ்சம் எட்டப் போய் நின்றுகொண்டாள். அவள் நைனா வளையல் கடைப் பக்கம் பொரி தின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினேன். முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த சுற்றில் திறந்து, உச்சி வந்ததும் கையை வெளியே நீட்டி விட்டேன். எறியவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், விட்டேன், அவ்வளவுதான். பழம் தம்பியைச் சட்டை செய்யாமல் தாண்டிப்போய், சுகுணா விரித்துப் பிடித்திருந்த தாவணியில் விழுந்தது.

நான் இறங்கும்போது தம்பி இன்னும் கையை ஏந்தியபடியே நின்றிருந்தான்.

“இன்னாக்கா, நேரா உடறேன்னு சொல்லிட்டு அங்க போட்டுட்ட?”

“நேராதாண்டா உட்டேன்.”

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பொரிப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சுகுணாவைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்ணையா பழத்தையா தெரியவில்லை.

“அவ நேராதாம்பா உட்டா. அம்மன்தான் தள்ளிக் குடுத்தா. மாப்பிள்ளை கைக்கு வரல, பொண்ணு மடிக்குப் போச்சு. இதுக்கு மேல இன்னா உத்தரவு வேணும்?”

எங்கள் வீட்டில் கல்யாணம், தறி வாங்குவது, எதற்கும் அம்மன் தலையில் பூ வைத்து, எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் செய்வோம். பழம் விழுந்ததையும் அவர் அப்படித்தான் பார்த்தார். தம்பியும் தலையாட்டினான். பிறகு அவனுக்குப் புத்தூரில் பெண் எடுத்தோம்.

மறுநாள் ஆஸ்டலுக்குப் புளிசோறு கட்டும்போது சுகுணாவைக் கேட்டேன்.

“நீ ஏன் அங்க போய் நின்ன?”

“லெக்கயில அங்கதாம்மா வந்துச்சு.”

“அப்போ உனக்கு வந்துட்டுதா? எப்போ?”

“ஊருக்கு வரும்போதே. பஸ்ஸுல.”

“அப்பறம் என்னை எதுக்குடி மேல ஏத்துன?”

“பேப்பர்ல போட்டுக் காட்டுனா நைனாவுக்குப் புரியுமா?” என்று கேட்டுவிட்டு, ஊறுகாயும் வை என்றாள்.

சாகும்வரை என் வீட்டுக்காரர் அம்மன் தள்ளிக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசியதில்லை. கட்டின புருஷனுக்குப் பிசிக்ஸ் சொல்லித் தருவது என் வேலை இல்லை. தவிரவும், அன்று காற்று அடித்தது என்பதுதான் இன்றுவரை என் கட்சி.

சுகுணாவுக்கு சீட் கிடைத்தது. திருப்பதி, அப்புறம் பெங்களூர், அப்புறம் அமெரிக்கா. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள். இங்கே பகல் என்றால் அங்கே இரவு என்பாள். ராட்டினம் தள்ளியவர்கள் எந்த ஊர் போனார்களோ தெரியாது. பூ கேட்பதையும் எங்கள் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். தம்பியும் தறியை எடைக்குப் போட்டுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டான்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். குழம்பு கொதித்ததும் கரண்டியால் அதைத் தட்டினால் யாராவது கிண்ணத்தோடு வருவார்கள். இப்போதும் சில நாள் கை தானாகத் தட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்பெல்லாம் தறிச் சத்தத்தில் நான் தட்டுவதே சரியாகக் கேட்காது. இப்போது தெருவுக்கே கேட்கிறது.