காவற்கூண்டின் மறுமொழி

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். கயிறு அறுத்த தழும்பு என் இரு உள்ளங்கைகளிலும் இருக்கிறது. என் தங்கையின் கணவன் எலெயுத்தேரியோ இன்றும் சன்னலருகே உட்கார்ந்திருக்கிறான்.

சிலியின் தென்கரையிலுள்ள சாந்தா இரேனே கோட்டையின் கடற்சுவரைப் பழுதுபார்க்கும் கொத்தர்கள் நாங்கள். ஸ்பானிய அரசர் காலத்தில் அங்கே சுவர்மேலுள்ள கல் காவற்கூண்டுகளில் நிற்கும் காவலர்கள் உறங்கிவிடாதிருக்க, கூண்டுக்குக் கூண்டு குரல் கொடுத்து, விழித்திருக்கிறாயா என்று கேட்பார்களாம். மறுமொழி வராவிட்டால் சாட்டையடி. அரசர் போனார், படையும் போயிற்று, அவ்வழக்கம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. சுவருக்கு வெளியே கயிற்றில் தொங்குபவனை மேலே நிற்பவன் கேட்பான். மறுமொழி வந்துகொண்டிருக்கும் வரை இழுக்கக் கூடாது. இழுத்தால் ஆள் பாறையில் மோதுவான். மறுமொழி நின்றுபோனால் உடனே இழுக்க வேண்டும்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி. எலெயுத்தேரியோ கயிற்றில் இறங்கினான்; மேலே நின்றவன் நான்.

"மேல நின்னு தூங்கிடாத மச்சான்."

"மூணு தட்டு சிப்பிக் குழம்பத் தின்னுட்டுத் தொங்குற. நான் தூங்குனா நீயே என்னக் கடலுக்குள்ள இழுத்துடுவ."

கீழே சிரிப்பொலி. பிறகு கடலிலிருந்து மூடுபனி ஏறிற்று.

"முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன்."

அவன் குரல்தான். ஆனால் காரை பூசும் கரணையின் ஓசை நின்றிருந்தது.

"முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன்."

இம்முறை குரல் கீழிருந்து வரவில்லை. என் இடப்பக்கம்... காவற்கூண்டுக்குள்ளிருந்து.

கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஈரக் கல். வேறொன்றுமில்லை.

"விளையாடாத மச்சான்."

"முழிச்சிருக்கேன்."

நான் கேட்கவே இல்லையே...

கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. கீழே யாரோ பற்றியிருப்பதுபோல்... உள்ளங்கை கிழிந்தது.

"முழிச்சிருக்கேன்."

இழுத்தேன்.

"முழிச்சிருக்கேன்."

இழுத்தேன்...

பற்றியிருந்தது விட்டது.

மேலே வந்தான். உயிர் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை.

தொண்டையில் குறையேதும் இல்லை என்றார் மருத்துவர். அன்றுமுதல் அவன் பேசவில்லை. அவன் கண் மூடியதை என் தங்கை ஒர்த்தென்சியா பார்த்ததும் இல்லை.

சென்ற குளிர்காலத்தில், தடுத்தும் கேளாமல், அவள் கோட்டைக்கு வந்தாள். அன்றும் மூடுபனி. கூண்டின்முன் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். மறுமொழி வந்தது.

"அவரு குரல்தான் அண்ணா," என்றாள். கைப்பிடித்து அழைத்து வந்தேன்.

வீட்டில் அவனுக்குத் துணையிருந்த அண்டை வீட்டுக்காரி வாசலிலேயே காத்திருந்தாள்.

"இன்னிக்கு அவரு வாய் அசைஞ்சுதுடி. ஒரே சொல்லுதான். நீ போனதுலேர்ந்து இப்ப வரைக்கும், விட்டு விட்டு, யாருக்கோ பதில் சொல்ற மாதிரி."

என் தங்கை கேட்டது ஒரே ஒரு முறை.