மகன் கேட்ட கப்ளிங்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் விஜயநகரில் என் சொந்த வீட்டில் தொடங்கியது இது. சொந்த வீடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் மார்டள்ளி கிராமத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். லாரி கழுவ மைசூருக்கு வந்து, ஓட்டக் கற்று, ஒரு வண்டி வாங்கி, அப்புறம் ஆறு டிரெய்லர் நிறுத்தியவன். சர்க்கரை ஆலைக்குப் பாய்லர், மின்நிலையத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்று மற்றவர்கள் தொடப் பயப்படுகிற சரக்கெல்லாம் என் ஷெட்டுக்குத்தான் வரும். டிரெய்லரின் கீழே தொங்கும் கிங்பின் என்ற இரும்பு முளை, இழுக்கிற லாரியின் முதுகிலுள்ள கப்ளிங்கில் போய் விழும் சத்தத்தை வைத்தே, பூட்டு சரியாக விழுந்ததா என்று சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒரே மகன். இன்ஜினியர். கனடாவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வருவான். அங்கே அது சனிக்கிழமை சாயங்காலம். "சாப்டீங்களாப்பா? மாத்திர போட்டீங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்பான். நான் இரண்டு பதில் சொல்வேன். "ஆய்த்துப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பான். மைசூரில் வளர்ந்த பிள்ளை, 'முடிந்தது' என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வான். அப்புறம் அம்மாவும் மகனும் அரை மணி நேரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறாது.

குறை சொல்லவில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ராய்ச்சூரிலும் பெல்லாரியிலும் கிடந்தேன். பேசிப் பழக்கமில்லாத அப்பனிடம் என்ன பேசுவான்?

அந்த ஞாயிறு மட்டும் எடுத்த எடுப்பிலேயே, "அப்பா எங்கம்மா? அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். என் மனைவிக்கே ஆச்சரியம். "இந்தாங்க, உங்களத்தான் கேக்கறானுங்க" என்று போனை நீட்டினாள்.

அவன் ஒரு டிரெய்லர் வாங்கியிருந்தான். சரக்கு ஏற்றுவதல்ல, சமையலறை, கட்டில் எல்லாம் உள்ளே வைத்த சக்கரத்து வீடு. அதை ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் கப்ளிங் வைத்து, நம் டிரெய்லர் மாதிரியே பூட்டி இழுக்க வேண்டும். பேத்திக்குப் பள்ளி விடுமுறை ஆகஸ்ட் கடைசி வரை. ஜூலையில் ஒரு ஏரிக்கரையில் பத்து நாள் தங்க இடம் பிடித்தாயிற்று. கடையில் இரண்டு விதக் கப்ளிங் காட்டுகிறார்களாம். ஒன்று இடத்தைவிட்டு அசையாதது. இன்னொன்று, திருப்பத்தில் நெம்புகோலை இழுத்துவிட்டால் பின்னால் நகர்ந்து கொடுப்பது. "எதுப்பா வாங்கறது?" என்றான்.

வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். இரண்டே நிமிடம். தொட்டி குட்டை. அசையாத கப்ளிங் போட்டால், ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வரும். கண்ணாடிக்கு உள்பக்கம்தான் பேத்தி உட்காருவாள். நகர்கிற கப்ளிங்தான் வாங்க வேண்டும். சந்தேகமே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த வார்த்தை "ஆய்த்துப்பா"தான் என்பது ஞாபகம் வந்தது.

"இப்படிப் பாத்தெல்லாம் சொல்ல முடியாதுடா. பின் ஆக்ஸில்லருந்து கேபின் வரைக்கும் அளவு எடுத்துட்டு வா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அளவோடு வந்தான். தொட்டியின் பக்கச் சுவர் உயரம் வேண்டும் என்றேன். அதற்கடுத்த வாரம் அதுவும் வந்தது. கதவோரம் ஒட்டியிருக்கும் பாரக்கணக்குச் சீட்டைப் படம் எடுக்கச் சொன்னேன். பிறகு டிரெய்லரில் தண்ணீர், பாத்திரம், போர்வை எல்லாம் ஏற்றி எடைபோட்டு வரச் சொன்னேன். ஒன்றும் அநாவசியம் இல்லை. இழுக்கிற பலத்தைப் பார்த்து வண்டி வாங்கி, முதுகு தாங்குமா என்று பார்க்காமல் ஆக்ஸில் ஒடித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இதையெல்லாம் ஒரே நாளில் கேட்டிருக்கலாம்.

அந்த வாரங்களில் என்னவெல்லாம் பேசினோம்! போனைச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, டேப்போடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசுவான். சாயங்காலத்திலும் அங்கே நல்ல வெயில். அவனுக்கு முதுகுவலி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலையில் மேலதிகாரியோடு சரிப்படவில்லை என்பதும் தெரிந்தது. முன்தலையில் என்னைப் போலவே முடி ஏறிவிட்டது. நான் பாய்லர் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை இறங்கிய கதையைச் சொன்னேன். டேப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஞாயிறைத் தவிர வாரத்தின் மற்ற ஆறு நாளும் எனக்குத் தேவையே இல்லாமல் போனது.

நான்காவது வாரம் மருமகள் திரையில் எட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்றதுக்குள்ள இங்க பனி கொட்ட ஆரம்பிச்சிடும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது வாரம் எடைச்சீட்டைக் காட்டினான். அதைப் பார்த்துவிட்டு, "கிங்பின் உயரம் எவ்வளவுடா?" என்றேன்.

எடைச்சீட்டை மடித்துப் பையில் வைத்தான். "அளந்து சொல்றேன்ப்பா. அவசரமில்ல. ஏரி புக்கிங்க நேத்து கேன்சல் பண்ணிட்டேன்" என்றான்.

"ஏன்டா?"

"நீங்க சொல்லாம எப்படிப்பா கட்டறது? நம்ம ஷெட் ரூல் அதானே?"

என் ஷெட்டில் ஒரு வழக்கம். பூட்டு விழுந்ததும் நானே அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு டிரெய்லர் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்காமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தக் கூடாது. என் மகன் எப்போது அதைப் பார்த்தான், எப்போது மனதில் வைத்துக்கொண்டான்? எனக்குத் தெரியாது. பேத்தி பின்னால் யாரிடமோ அழுகிற குரல் கேட்டது. போன் கட்டாயிற்று.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஏனுங்க, மொத நாளே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்கல்ல?" என்றாள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஆறு டிரெய்லர் ஓட்டுன மனுசனுக்கு இதச் சொல்ல அஞ்சு வாரமாங்க? பேசோணும்னு ஆசையா இருந்தா பேசுடான்னு சொல்றதுதானுங்க. புள்ளய ஏன் வண்டிக்கடியில படுக்க வெச்சீங்க? முதுகுவலிங்கறான்."

அன்று மாலை வரை காத்திருந்து நானாகவே அவனைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. தூங்கி எழுந்த முகத்தோடு பயந்து எடுத்தான். "நகர்ற கப்ளிங்தான்டா. உன் வண்டி முதுகு தாங்கும். பூட்டினதும் டார்ச் அடிச்சுப் பாரு, டிரெய்லர் பிரேக் போட்டுட்டு ஒரு தரம் இழுத்துப் பாரு" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அப்புறம், "இது மொத நாளே தெரியும்டா" என்றேன்.

"அப்புறம் ஏன்ப்பா?"

"சொன்னா நீ வெச்சிடுவே."

"சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எவ்வளவோ பாரம் சுமந்த வண்டியோடு சாலையோரத்தில் காத்திருந்தவன் நான். அந்த இரண்டு ஞாயிறு மாதிரி ஒரு காத்திருப்பு எனக்கு வாய்த்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தான். முதல் ஞாயிறு கப்ளிங் மாட்டுகிற வேலையாம். அடுத்த ஞாயிறு காட்டுக்குள் இடம் கிடைத்துப் போயிருந்தார்களாம், சிக்னல் இல்லையாம். பத்து நாள் போக வேண்டியது, நான்கு நாள்தான் போக முடிந்ததாம். ஒரு வளைவில் டிரெய்லரின் மூலை கேபினிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடந்ததைக் கையால் காட்டினான். என்மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. "முதுகு எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்லப்பா" என்றான். நாலு நிமிடம் பேசியிருப்பான். அதன்பிறகு பழையபடி இரண்டு கேள்விதான். சில வாரம் மூன்று.

ஒரு குழந்தையின் ஆறு நாள் விடுமுறையை என் ஆசைக்கு எடுத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போன் பக்கத்தில் உட்காரும்போது, அந்த ஐந்து வாரங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்காதா என்றுதான் மனது கேட்கிறது.