ராசி இல்லாத கை

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், புதிதாக வரும் பெண்களின் தலையெழுத்தை ஒரு கல்தான் தீர்மானித்தது. முதல்நாள் கிள்ளிய கொழுந்தை மாடசாமி என்று கும்பிடும் கல்லின்மேல் வைக்க வேண்டும். நைந்திருந்தால், வேலை வாங்கும் கங்காணி பெரியமுத்து "ராசி இல்லாத கை" என்று முத்திரை குத்திவிடுவார். பிறகு அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள். பின்னால் கங்காணியின் கம்பு மட்டும் நிற்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அப்படி முத்திரை குத்தப்பட்டவள் பூமாரி, அங்கே பல வருஷமாகக் கொழுந்து கிள்ளும் மாரித்தாயின் தம்பி பெண்டாட்டி. தம்பி காய்ச்சலில் போனபின் சோற்றுக்கு வழியில்லாதவளை மாரித்தாய்தான் மலைக்குக் கூட்டிவந்தாள். சனிக்கிழமைதோறும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூடை பார்ப்பார். தேறாதவர்களை அன்றே கீழே இறக்கிவிடுவார்கள்.

மாரித்தாய் கவனித்தாள். பூமாரியின் கண் செடியில் இல்லை, கம்பில் இருந்தது. பயந்த கண்ணுக்குக் கொழுந்து எங்கே தெரியும்? அந்தக் கையைப் பற்றிக் கல்லுக்குத்தான் என்ன தெரியும்?

"கம்பைக் கொஞ்சம் தள்ளி வையும் அண்ணாச்சி" என்றாள் கங்காணியிடம்.

"ஏன், பள்ளிக்கூடம் வைக்கப் போறியோ? சிலேட்டு வாங்கித் தரட்டுமா?"

பள்ளிக்கூடமே வைத்தாள் மாரித்தாய். மத்தியானக் கஞ்சி நேரத்தில் பூமாரியின் கூடையைச் சாக்கில் கொட்டினாள். "பிசகினதை நீயே பொறுக்குளா. நான் காட்டமாட்டேன்."

மறுநாள் விடியலில், செடியைத் தொடும் முன்பே கேட்டாள்: "நேத்து கை எங்க பிசகுச்சு?"

பூமாரி யோசித்து யோசித்துச் சொன்னாள். "அவசரத்துல முத்தல் இலையையும் சேத்து இழுத்துட்டேன் மதினி."

ஒருநாள் சமதளம், ஒருநாள் சரிவு, ஒருநாள் கிழட்டுச் செடி. பொறுக்கிப் போடும் குவியல் சிறுத்தது. ஆனால் போதுமா? மாரித்தாய்க்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை துரை முன்னால் சாக்கு விரித்தார்கள். கூடையைக் கொட்டியதும் பூமாரி பழக்கத்தில் குனிந்து தன் முத்தல் இலைகளைத் தனியே பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். மாரித்தாய் தடுக்கக் கை நீட்டினாள், எட்டவில்லை. இதை நான் நினைக்கவே இல்லையே, பாவி.

கங்காணி சிரித்தார். "தன் குத்தத்தைத் தானே காட்டுதா பாருங்க தொரை."

துரை குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். நல்ல கொழுந்து நிறைய இருந்தது, முத்தலும் இருந்தது. அதற்காக அரைக்கூலி வெட்டினார். "இருக்கட்டும்" என்று அடுத்த கூடைக்கு நகர்ந்தார்.

அநியாயம்தான். ஆனாலும் பூமாரி மலையிலேயே இருந்தாள்.

அடுத்த வாரம் புதிதாக ஒருத்தி வந்தாள். கங்காணி அவளைக் கல்லை நோக்கி நடத்தினார். மாரித்தாய் குறுக்கே போய், அவள் கையிலிருந்த நைந்த கொழுந்தை வாங்கித் தன் சாக்கில் போட்டாள்.

"இது கல்லுக்கு இல்ல அண்ணாச்சி. இவ பாக்கட்டும்."

கம்பு உயர்ந்தது. மாரித்தாய் விலகவில்லை.