சீர்வரிசையில் மூன்று ஸ்டார் பிரிட்ஜ்

மண்டபத்தில் பிரிட்ஜை இறக்கி அட்டையைப் பிரித்த உடனே பிரச்சினை வந்தது.

நான் போடிநாயக்கனூரில் வீட்டுச் சாமான் கடையில் டெலிவரி ஆள். அன்று ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் மகள் கல்யாணச் சீருக்கு எடுத்த பிரிட்ஜ். எங்கள் பக்கம் சீர்ச் சாமானை மேடை ஓரம் வரிசையாக வைப்பார்கள். ஸ்டார் ஸ்டிக்கரைக் கிழிக்க விடமாட்டார்கள். நாலு பேர் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். போடிமெட்டுக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் அவருடையது. குனிந்து ஸ்டாரை எண்ணினார்.

“என்னப்பா, மூணுதான் செவந்திருக்கு? மிச்சம் ரெண்டு வெளுத்துக் கெடக்கு? எம் மகளுக்கு அஞ்சு ஸ்டாரு குடுத்தேன். எங்க மாப்ள என்ன, ரெண்டு ஸ்டாரு கொறைச்சலா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெண்ணின் அப்பா என்னை வண்டிப் பக்கம் இழுத்துப் போனார். முகம் செத்துப்போயிருந்தது.

“அப்பு, வெரசா இத ஏத்து. அஞ்சு ஸ்டாரா மாத்திக் கொண்டா. எதையாச்சும் அடகு வச்சுக் குடுத்துர்றேன்.”

முதலாளிக்குப் போன் போட்டேன்.

“கேட்டா மாத்திக் குடுத்துட்டு வாடா. வர்ற யாவாரத்த வேணாங்குறியா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே” என்று வைத்துவிட்டேன்.

ஸ்டார் என்பது கரண்டு எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு அரசாங்கம் வைத்த அளவு. சில வருஷத்துக்கு ஒருதரம் விதியை இறுக்குவார்கள். முன்னே அஞ்சு வாங்கிய பிரிட்ஜுக்கு இப்போது மூணு கிடைப்பதே கஷ்டம். அதனால்தான் லேபிளில் எந்த வருஷத்துக்கு என்று இருக்கும். வருஷத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்றும் இருக்கும்.

தாய்மாமனிடம் போனேன்.

“அண்ணே, ஒங்க மக வீட்டுப் பிரிட்ஜு லேபிள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். ஒங்களது ஒசத்தின்னா நானே இதத் தூக்கிட்டுப் போறேன்.”

இத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. போட்டோ வந்தது. அதே லிட்டர், பழைய வருஷத்து லேபிள். யூனிட் அதில்தான் அதிகமாக இருந்தது. அவரே படித்தார். திரும்பவும் படித்தார்.

“ஆனா ஸ்டாரு அஞ்சு இருக்குல்ல?”

“இருக்குண்ணே. அது அன்னைக்குப் போட்ட மார்க்கு. இன்னைக்குப் பரீட்ச கஷ்டம்.”

அந்த நேரம் மருதாணிக் கையோடு பெண்ணே வந்துவிட்டாள்.

“பெரியப்பா, ஸ்டார எண்ணிட்டு நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீங்க. கரண்டு பில்லு எனக்குத்தான வரும்? இதே இருக்கட்டும்.”

மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இவ வாய்க்கு எத்தன ஸ்டாருய்யா போட்ருக்கு? சரி, அங்கனயே கெடக்கட்டும். ஓரமாத் தள்ளி வையி, சந்தனம் கிந்தனம் பட்டுறப் போகுது.”

பெண்ணின் அப்பா என்னைப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். என் இலைக்கு இன்னொரு கரண்டிப் பாயசம் ஊற்றச் சொன்னார்.

கடையில் முதலாளி திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

அஞ்சு ஸ்டார் நல்லதுதான். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். மூணு வாங்கியவர் சபையில் தலை குனியத் தேவையில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சாமானை இறக்கியதும் வண்டி ஏறாதீர்கள். லேபிளைப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.