கிணற்றுக்குக் கிடைத்த நல்ல மார்க்

அவர் ஆயுசில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் ஊருக்கே அவர் ‘பாட்டில்’தான். உப்புநீர் மீன் பண்ணையில் சோதனைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற வேலை. தோளில் எப்போதும் காலி பாட்டில்கள் தொங்கும். “என்ன பாட்டிலண்ணே, இன்னிக்கு முழுசா, அரையா?” என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர் வருவார். ஒரு கிலோ மீன் வளர்க்க எவ்வளவு தீனி, எவ்வளவு கரண்டு, வெளியே போகும் தண்ணீரில் எவ்வளவு கழிவு என்று அளந்து, பண்ணை சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா இல்லையா என்று மார்க் போடுவார். பெரிய படிப்புதான். ஆனால் கழிவு வாய்க்கால் சேற்றில் ஷூவை வைக்க மட்டும் மனசு வராது. “நீங்களே பிடிச்சிட்டு வந்துடுங்க” என்பார். அது போதாதா? பாதி வாய்க்கால் தண்ணீர், பாதி குழாய்த் தண்ணீர் என்று கலந்து நீட்டுவார் நம் ஆள். முழுக்கச் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வருமாம்! முதலாளி “பாத்து செய்” என்றதோடு சரி, மீதியெல்லாம் இவருடைய சொந்த மூளை. பண்ணைக்கு வருஷா வருஷம் பச்சை முத்திரை கிடைத்தது.

அந்த வாய்க்கால் முடிகிற தெருவில்தான் அக்கா வீடு. அம்மா போனபின் இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். வாய்க்கால் தண்ணீர் ஊறி ஊறி அவள் கிணறு உப்பாகிவிட்டது. சோறு கரித்தது, சோப்பு நுரைக்க மறுத்தது. குடிக்க நகராட்சித் தண்ணீர் லாரிதான் கதி. அக்கா ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. நேராகப் போய் மதிப்பீட்டாளர் முன்னால் நின்றாள்.

“வேலிக்குள்ளயே அளந்தா எப்படி சார்? எங்க கிணத்தையும் அளந்து பாருங்க.”

நியாயம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு யாரை அனுப்பினார்? இவரைத்தான்.

தம்பியைக் கண்டதும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். “நல்லவேளை, உன்னை அனுப்பினாங்க. வேற எவனாவது வந்திருந்தா என்ன தில்லுமுல்லு பண்ணியிருப்பானோ!” தானே இறைத்து, தானே ஊற்றி, மூடியை இறுக்கிக் கொடுத்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்தப் படுபாவி தெருமுனை தாண்டும்வரைகூட நினைக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பண்ணையின் குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொண்டார். பண்ணையை மூடினால் தன் வேலை போகும், அங்கே மோட்டார் போடுகிற அக்கா மகன் வேலையும் போகும். அக்காவுக்குத்தான் லாரித் தண்ணீர் வருகிறதே, கிணறு எப்படிக் கிடந்தால் என்ன? மனசுக்கு இப்படிச் சமாதானம் சொன்னார். அதுவும் தலையாட்டியது. அவசரத்தில் பாதிக்குப் பாதி கலக்கக்கூட மறந்துபோனார்.

முடிவு வந்தது. பண்ணைக்குப் பச்சை முத்திரை. கிணற்றுக்கு அதைவிட நல்ல மார்க்: குடிக்க உகந்த நீர். மறுவாரமே அந்தத் தெருவுக்கு லாரி வருவது நின்றது. “இவ்வளவு நல்ல கிணத்தை வச்சுக்கிட்டு லாரி கேக்குறீங்களேம்மா” என்று நகராட்சியில் சிரித்து அனுப்பினார்கள்.

இரண்டு கேன்களில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு நம் ஆள் அக்கா வீட்டுக்கு ஓடினார். அவள் திட்டவில்லை.

“வெயில்ல வந்திருக்கே, உக்காரு.” செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு மடக்கிலேயே தொண்டை கரித்தது.

“அன்னிக்கு நான் பிடிச்சுக் குடுத்தது இந்தத் தண்ணிதானேடா?”

“லாரிய நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா...”

“நான் அதைக் கேக்கல. இந்தத் தண்ணிதானே?”

“ஆமாக்கா.”

“அப்போ குடி.”

கண்ணில் நீர் முட்ட, செம்பு காலியாகும்வரை குடித்தார். அக்கா செம்பை வாங்கிக்கொண்டு வாசலில் இருந்த கேன்களைப் பார்த்தாள்.

“போறப்ப அதையும் தூக்கிட்டுப் போயிடு. நல்ல கிணறு இருக்கற வீட்டுக்கு எதுக்குடா கேன்?”