மாமாவின் மிக்சர்

மாமா ஹட்டன் டவுனில் மிக்சர் ஓட்டுகிறார் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பேசிக்கொண்டபோது, நான் அதைத் தின்கிற மிக்சர் என்றே நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் காகிதச் சுருளில் போட்டுத் தருவார்களே, அது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அப்பா காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் கிடந்தேன். ஆகவே ஒரு சனிக்கிழமை மாமா, "வா புள்ள, மிக்சரு காட்டுறேன்" என்றதும் எங்கள் டயகமவிலிருந்து அவரோடு பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கடலையும் இல்லை, காராபூந்தியும் இல்லை. கலியாண வீடியோ எடுக்கும் கடையின் பின்னறையில், பொத்தான்கள் நிறைந்த ஒரு பலகை. முதலாளி சிங்கப்பூரிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. அதற்குத்தான் மிக்சர் என்று பேராம். எனக்கு அழாத குறை. மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை. டேப் ஓடும் பெட்டி அறையின் அந்தப் பக்கம் இருந்தது. எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று பலகையிலிருந்தே அதற்குச் சொல்லி, ஒரு பொத்தானில் பதிந்து வைத்துவிடலாம். பிறகு பொத்தானைத் தட்டினால் போதும், பெட்டி அப்படியே செய்யும். "ஒங்கப்பன விட நல்லா சொல்பேச்சு கேக்கும்" என்றார்.

அன்று அவர் வேலை செய்துகொண்டிருந்தது சித்தியின் கலியாண டேப். அம்மா போவதற்கு முந்தைய வாரம் நடந்த கலியாணம். மாமா டேப்பை வேகமாக ஓட்டித் தேடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று டிவியில் அம்மா வந்தாள். சிவப்புச் சேலை, கையில் தாம்பாளம், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டாள். அம்மாவை அவ்வளவு தேடியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"மெதுவா போகச் சொல்லுங்க மாமா" என்றேன்.

அவர் எதையோ திருகிப் பொத்தானைத் தட்டினார். அம்மா தண்ணீருக்குள் நடப்பது போல வந்தாள். சிரித்தாள். இம்முறை சிரிப்பு முடிந்த பிறகும் அவள் போகவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. குனிந்து, படத்துக்குக் கீழே எதையோ பார்த்தாள். உதடு கோணியது. கண் நிறைந்துவிட்டது.

"ஏன் மாமா அம்மாவ அழ வக்கிறீங்க? வேகமாவே வைங்க" என்று கத்திவிட்டேன்.

மாமா பலகையில் மறுபடி திருகினார். வழக்கமான வேகத்தையே பொத்தானில் பதிந்தார். சிரிப்பு முடிகிற இடத்திலேயே படம் மாப்பிள்ளை முகத்துக்கு மாறும்படியும் செய்தார். அம்மா சிரித்துவிட்டு மறைந்தாள். "சரியா இப்ப?" என்றார், என் பக்கம் திரும்பாமல். எனக்குத் திருப்தி. சித்தி வீட்டுக்குக் கேசட்டும் அப்படியே போயிற்று. மூல டேப்பில் அடுத்த வாரம் வேறு யாருடைய கலியாணமோ ஏறியது. அந்தக் கடையில் ஒரே டேப்பை அழித்தழித்துத்தான் எடுப்பார்கள்.

அம்மா திரும்பி வரவேயில்லை. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை. கேசட்டில் வந்து போகும் அந்தச் சிரிப்புதான் மிச்சம். மெதுவாக ஓட்டினால் மனுஷர்கள் அழுவார்கள், அது பெட்டியின் கோளாறு என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து பார்த்த இடத்தில், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.