பாப்பா என்று வந்த அழைப்பு

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் போனோடு போக முடியாது. காலையில் வேனை விட்டு இறங்கியதும் கேட்டில் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். தடுப்பு வைத்த மரப்பெட்டியில் நம்பர் போட்டு அடுக்கிவிட்டு, யாருக்கு எந்த ரூமில் வேலை என்று நோட்டில் எழுதுவேன். பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு நழுவப் பார்க்கிறவர்களை நான் பேசும் பேச்சு ஆனைக்குட்டம் அணை வரைக்கும் கேட்கும் என்று கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும்.

அங்கே வேலை பார்த்த ஒரு அக்காவின் போன் பழைய பட்டன் போன். பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருக்கும். அவருக்குப் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையெல்லாம் வெள்ளிப் பொடியோடு கேட்டுக்கு வருவார். அந்தக் கையால் போனைத் தொட மாட்டார். "ஏ பிள்ள, பாப்பாவுக்குப் போடு" என்பார். நான் போட்டு, அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன்.

பாப்பா என்பது சாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தது. அம்மாவும் மகளும் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். என்ன குழம்பு, தண்ணி வந்துச்சா, பிள்ளைக்குச் சளி விட்டுச்சா, அவ்வளவுதான். எனக்குக் கை கடுக்கும். "இங்கன என்ன கச்சேரியா நடக்குது, சட்டுனு முடிங்கக்கா" என்று கத்துவேன். அந்தப் பக்கம் மகள் சிரிப்பது எனக்குக் கேட்கும். நேரில் பார்த்ததே இல்லை என்றாலும் என் குரல் அவளுக்கு அத்துப்படி.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒரு நாள், பதினோரு மணி வாக்கில் மூன்றாம் ரூம் வெடித்தது. அந்த அக்காவுக்கு அன்றைக்கு மூன்றாம் ரூம் என்று காலையில் நோட்டில் எழுதியது என் கைதான்.

உள்ளிருந்தவர்கள் செருப்பில்லாமல் கேட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். வந்த முகங்களில் அவர் முகம் இல்லை. அதற்குள் பெட்டியில் போன்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டன. சத்தம் கேட்டவர்கள், வாட்ஸ்அப்பில் புகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவரவர் ஆளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம், எல்லாம் ஒன்றாக அடித்ததில் மரப்பெட்டியே அதிர்ந்தது. ஓடி வந்தவர்கள் தங்கள் போனை அள்ளிக்கொண்டு போக, எடுக்க ஆள் வராத போன்கள் மட்டும் பெட்டியில் மிச்சம் கிடந்து அடித்தன. அதில் ஒன்றில் "பாப்பா" என்று வந்தது.

நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. "அலோ" என்றதுமே என் குரலைக் கண்டுகொண்டாள்.

"சித்தி, நீங்களா? எங்கம்மா எங்க?"

"நல்லாருக்காக. அவுக அந்தப் பக்கமே இல்ல. கூட்டத்துல நிக்காக. அப்புறமாப் பேசச் சொல்றேன்."

"இப்பத்தான் உசுரே வந்துச்சு. நல்லாருப்பீக சித்தி."

வைத்துவிட்டாள். அங்கேயிருந்து கிளம்பி ஓடி வந்திருக்க வேண்டியவள், என் வார்த்தையை நம்பித் திரும்பவும் வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் அடையாளம் சொல்ல வேண்டும் என்று நோட்டும் கையுமாக என்னைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அக்காவைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நினைவு சுத்தமாக இருந்தது. "பாப்பாட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்க்கா. வந்துக்கிட்டு இருக்கா" என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் ஆறு முறையாவது கேட்டிருப்பார். ஆறு முறையும் அதையே சொன்னேன். மகள் நம்பர் அந்தப் பட்டன் போனில் மட்டும்தான் இருந்தது. போன் கேட்டில், கேட் பூட்டிக் கிடந்தது. அக்காவின் ஊருக்கு ஆள் விட்டு, ஊரிலிருந்து தகவல் போய், அவள் சாத்தூரில் பஸ் ஏறியபோது இங்கே ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பிவிட்டது. விருதுநகர் தாண்டுவதற்குள் அக்கா போய்விட்டார். சாத்தூரிலிருந்து சிவகாசி வர முக்கால் மணி நேரம் ஆகாது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராமலேயே தெரிந்தது. அவள் குரலில் இருந்த பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அதைப் பொறுக்க முடியாமல்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவளுக்காகச் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இரக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த இரக்கத்தில் நான் தப்பித்தேன், அவள் மாட்டிக்கொண்டாள். நம் பக்கம் சாவைக்கூட நேராகச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்பார்கள். அந்தப் பொய்யில்கூட "வா" என்று ஒரு சொல் இருக்கும். என் பொய்யில் அது இல்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதாம். எனக்கு மூன்று வேளையும் கிடைத்தது. அன்று பெட்டியில் கேட்ட சத்தத்துக்குப் பிறகு, வீட்டில் என் போன் இன்றைக்கும் சத்தமில்லாமல்தான் கிடக்கிறது.

கம்பெனி திறக்க மாசக்கணக்கானது. திறந்த வாரத்தில் வேனிலிருந்து ஒரு புதுப் பெண் இறங்கி வந்து போனை நீட்டினாள். ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போன். அம்மா வீட்டுக்கே குடிவந்துவிட்டாளாம். யாரைப் பார்த்தாலும் அக்கா, சித்தி என்று முறை வைத்துக் கூப்பிடுகிற ஊர் இது. அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நோட்டில் எழுதப் பேரையும் ரூம் நம்பரையும் கேட்டேன். என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் அந்தப் போன் அடித்தது. "பாப்பா" என்று வந்தது. பெட்டியை மூடிவிட்டு ரோட்டில் போய் நின்றேன். தன் சொந்தப் போனை வீட்டில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வருகிறாள், அம்மா போட்டு வைத்த பேரை மாற்றவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் லீவு விடுகிற நாளிலெல்லாம் "பாப்பா" அடிக்கும். நான் எடுத்ததே இல்லை.

போன மாசம் அது அடிக்கும்போது அவளே எதிரில் நின்றாள். கையெல்லாம் வெள்ளிப் பொடி. "புடிங்க" என்றாள். எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தேன். பிள்ளை ஏதோ கேட்டது. அரிசி ஊறப்போட்டிருக்கிறது, தொடாதே என்றாள்.

பேசி முடித்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். அதுவும் பொய்தான்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்ப, நான் வருவேன்னு பாத்துக்கிட்டேதான் அம்மா போயிருக்கு" என்றாள்.

போனைப் பெட்டியில் வைத்தேன். நாலு எட்டு உள்ளே போனவள் திரும்பி வந்தாள்.

"எனக்கு ஏதும் ஆச்சுன்னா, எம்பிள்ள இதுல கூப்புடும். எடுங்க. உள்ளதச் சொல்லுங்க. அது ஓடி வரட்டும்."